படகின் மேல் கட்டிய அறை

முப்பத்தொரு வருடம் கல்மண்டபத்தில் படகுச் சாமான் கடை நடத்திய சண்முகவேல், விரிசல் அடைக்கும் ரெசின் பசை டப்பா ஒன்றைத் தன் கையால் திறந்து கலக்கியது அறுபதாவது வயதில்தான். ஒரு கிலோ ரெசினை இறுகவைக்க இருபது மில்லி ஹார்டனர் போதும் என்று எத்தனையோ மீனவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். தன் முறை வந்தபோது, சீக்கிரம் இறுகட்டுமே என்று கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டார். சற்று நேரத்தில் வாளி சூடேறிப் புகைய ஆரம்பித்தது. கண்ணைக் கரித்தது. வாளியைக் காலால் தள்ளிவிட்டுத் தூரப் போய் நின்றார். புகை அடங்கியதும் பார்த்தால் உள்ளே தேன் நிறத்தில் ஒரு பாறாங்கல். கலக்கிய குச்சி அதில் நட்டுவைத்தது போல நின்றது. அவருக்குச் சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

திருவொற்றியூரில் எக்ஸ்பிரஸ் ரோட்டை ஒட்டி, தெரிந்த கயிறு வியாபாரி ஒருவரின் குடோனுக்குப் பின்னால் இருந்த காலி மனை அது. பகல் முழுக்க துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வெளியே வரிசையில் நின்று உறுமிக்கொண்டிருக்கும். மனையின் நடுவில், நான்கு டிரம்களின் மேல் கவிழ்ந்து கிடந்தது பதினெட்டு அடி ஃபைபர் படகு.

படகு வல்லரசுடையது. குப்பத்து மீனவன், இருபது வருட வாடிக்கை. புதுப் படகு எடுத்ததும் பழையதைக் கரையில் கருங்கற்களுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்தான். அடியில் முழ நீளத்துக்கு விரிசல்.

“உனக்கு இன்னாத்துக்கு அண்ணாச்சி இது? நீ கடல்ல காலு கூட நனைச்சது இல்லியே.”

“சும்மா, ஒரு வேலையா இருக்கட்டும்டே.”

“எத்துகினு போ. வழிய அடைச்சிகினு கீது.”

வேலை இல்லாமல்தான் போயிருந்தது சண்முகவேலுக்கு. கடையைத் தம்பி மகன் எடுத்துக்கொண்டான். நல்ல பையன். பெரியப்பாவின் நாற்காலியைக் கல்லாவிலிருந்து மின்விசிறிக்குக் கீழே மாற்றிப் போட்டு, “ரெஸ்ட் எடுங்க” என்றான். அதன் பிறகு அவர் கடைக்குப் போவது குறைந்து, ஒரு நாள் நின்றே போனது. மனைவி தங்கபுஷ்பம் மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போனவள். மூன்று மாதம் என்று போனாள். இரண்டு வருடம் ஆகிவிட்டது. இதற்குள் இரண்டாவது குழந்தையும் பிறந்துவிட்டது. கடைக்கு மேல்மாடியில் இருந்த வீட்டில் சண்முகவேல் தனியாகப் படுத்து எழுந்தார். காலையில் இட்லிக் கடை, மற்ற வேளைக்கு மெஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் கழிந்தது, மறுநாள் பால்காரரிடம் வாயைத் திறந்தபோது குரல் கம்மியதில்தான் அவருக்கே உறைத்தது.

படகு வந்த பிறகு நாட்கள் வேறு மாதிரி ஆயின. காலை ஏழு மணிக்கு பஸ் ஏறிவிடுவார். பழைய பெயின்ட்டை கிரைண்டரால் சுரண்டினார். ஃபைபர் தூசு சட்டைக்குள் புகுந்து, குளித்த பிறகும் முள் முள்ளாய்க் குத்தியது. விரிசலின் இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி நார் விரிப்பை அளவாக வெட்டி வைத்து, ரெசினைத் தடவி, காற்றுக் குமிழி இல்லாமல் ரோலரால் அழுத்தினார். ஒரு அடுக்கு காய்ந்ததும் அடுத்தது. ஆறாவது அடுக்கு வழவழவென்று வந்தபோது, தட்டிப் பார்த்தார். கெட்டியான சத்தம்.

குடோன் ஆட்களை வைத்துப் படகை நிமிர்த்தினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் மனதில் வேறொரு படம் ஓடிக்கொண்டிருந்தது. படகின் மேல் ஒரு அறை. நீர் தாங்கும் பிளைவுட் பலகையில் சுவர், தகர ஜன்னல், இரண்டு பேர் எதிரெதிரே காலை நீட்டி உட்காரும் பெஞ்சு. தங்கபுஷ்பத்துக்கு வெயில் ஆகாது, அதனால் கூரை. அவளுக்கு முட்டி வலி, அதனால் ஏறி இறங்க ஒரு படி. ஜன்னலுக்குக் கீழே அவளுடைய பையை மாட்ட ஒரு கொக்கி. எண்ணூர் ஆற்றில் காலை வேளையில் மெதுவாகப் போகலாம், பிளாஸ்க்கில் காபி கொண்டுபோகலாம். திருகு முடுக்கும்போதெல்லாம் அவளிடம் பேசிக்கொண்டே முடுக்கினார். சாயங்காலம் அவள் நிஜமாகவே போனில் கூப்பிட்டபோது மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

“சாப்ட்டியளா?”

“ஆச்சு.”

“பகல்ல என்னதான் செய்தீய?”

“சும்மாதான் இருக்கேன்.”

பின்னால் குழந்தை அழும். “வைக்கட்டா?” என்பாள். வைத்துவிடுவாள்.

ஒரு நாள் வல்லரசு பார்க்க வந்தான். படகை ஒரு சுற்று சுற்றினான். கூரையைத் தட்டினான். முகம் மாறியது.

“இன்னா அண்ணாச்சி, படகு மேல வூடு கட்டிகினு கீறே?”

“எப்படி இருக்கு?”

“வூடு சூப்பரா கீது. படகுதான் தாங்காது. மேல வெயிட்டு ஏத்திகினே போறியே, அடியில இன்னா கீது? இது ஒல்லிப் படகு. சைடு வாங்கிக் கவுந்துரும்.”

“ஆத்துலதானடே விடப்போறேன். அலையா அடிக்கும்?”

“தண்ணிக்கு ஆறு, கடலுன்னு இல்ல அண்ணாச்சி. கூரையக் கழட்டிடு.”

சண்முகவேலுக்குச் சுருக்கென்றது. ஐந்து மாத வேலை. “நீ போய் உன் சோலியப் பாரு” என்றார். சொன்ன மாத்திரத்தில் வருத்தமாகிவிட்டது. வல்லரசு கோபித்துக்கொள்ளவில்லை. தண்ணீரில் இறக்கும் அன்றைக்கு இரண்டு ஆட்களையும் ஒரு டிராக்டரையும் அவனே கூட்டிவந்தான்.

எண்ணூர் ஆற்றங்கரையில் படகை இறக்கினார்கள். மிதந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. சண்முகவேல் படியில் கால் வைத்து உள்ளே போனார். ஜன்னல் வழியாக ஆற்றையும் அதற்கு அப்பால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளையும் பார்த்தார். ஜன்னலில் இருந்து தெரியும் காட்சியை போட்டோ எடுத்து அனுப்பினால் அவள் என்ன சொல்வாள் என்று நினைத்தபடி எதிர் பெஞ்சுக்கு நகர்ந்தார். அவ்வளவுதான். படகு அந்தப் பக்கமே சாய்ந்தது, நிமிரவில்லை. கூரை தண்ணீரில் அறைந்தது. ஜன்னல் வழியாக ஆறு உள்ளே வந்தது.

இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் அடியில் சேறு, அவரை இழுத்துக் கரை சேர்க்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. சாம்பல் நிறச் சேற்றை முழங்கால் வரை பூசிக்கொண்டு கரையில் உட்கார்ந்தார். யாராவது சிரித்திருந்தால் தேவலை. யாரும் சிரிக்கவில்லை. வல்லரசு தன் துண்டைக் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் போனில் எல்லாவற்றையும் சொன்னார். முதல் வாளி புகைந்ததிலிருந்து படகு கவிழ்ந்தது வரை. தங்கபுஷ்பம் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அடி கிடி பட்டுச்சா?”

“இல்ல.”

“யாரு போறதுக்கு இம்புட்டும் செஞ்சீய?”

“நாம ரெண்டு பேரும்தான். நீ வந்ததும்.”

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள், கோபமில்லாமல்:

“நான் அங்கன வந்து இருக்க மாட்டேங்க. உங்களுக்கே தெரியும், கேக்காம இருக்கீய. இங்க புள்ளைக இருக்கு, பக்கத்து வீட்டுல ரெண்டு பேரு வாராக, பேசுதாக. அந்த மாடியில முப்பது வருசம் நான் தனியாத்தான இருந்தேன்? கீழதான் இருந்தீய, கடையில. சோத்துக்கு மட்டும் மேல வருவீய.”

“ஒரு வார்த்தை சொல்லலியே புஷ்பம்.”

“சொல்ல எங்க உக்காந்தீய?”

அந்த மாடி வீட்டின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் அவளும் இதே சுவரைத்தான் பார்த்திருக்கிறாள். கோயம்புத்தூர் வா என்று அவள் கூப்பிடவில்லை. வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை.

டிராக்டரில் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துப் போட்ட படகிலிருந்து அறையை அறுத்தெடுக்க மூன்று நாள் ஆயிற்று. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர் என்பதால் ஒவ்வொரு மூட்டையும் ரெசின் போட்டு இறுக்கி வைத்திருந்தார். ரம்பம் சிக்கிச் சிக்கி நின்றது. கடைசிச் சுவர் விழுந்ததும் படகு பழையபடி வெறும் படகாகிவிட்டது. குறுக்கே ஒரு பலகை மட்டும் வைத்தார். இந்தத் தடவை தண்ணீரில் விட்டபோது அது இலை மாதிரி நின்றது. வல்லரசு ஒரு துடுப்பைக் கொடுத்து, எந்தப் பக்கம் வலித்தால் எந்தப் பக்கம் திரும்பும் என்று காட்டினான். “தண்ணி ஏறுறப்போ முகத்துவாரம் பக்கம் போவாதே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அதன் பிறகு தினமும் காலையில் சண்முகவேல் ஆற்றில் இருந்தார். ஒரு மணி நேரம் வலிப்பார், களைத்தால் துடுப்பை மடியில் வைத்துச் சும்மா மிதப்பார். தூரத்தில் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில், ஓலைப் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். ஒரு வாரம் அவர்கள் அவரைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. எட்டாம் நாள் ஒருத்தி கை காட்டி நிறுத்தினாள்.

“பெரியவரே, அந்தாண்ட கரையில வுட்டுடுறியா? தண்ணி ஏறிடுச்சி.”

நான்கு பேர் ஏறினார்கள். படகு தாங்கியது. வழி முழுக்க அவர்கள் தங்களுக்குள்தான் பேசிக்கொண்டார்கள், யார் மருமகள் யாரோடு சண்டை என்று. அவர் யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. இறங்கும்போது கடைசியாக இறங்கியவள் பலகை மேல் இரண்டு கை இறாலைக் கொட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மெஸ்ஸில் கொடுத்தால் செய்து தருவார்களா என்று யோசித்தார். கேட்கக் கூச்சமாக இருந்தது. இறாலைப் பையில் போட்டு மாடிக்குக் கொண்டுவந்து, மதியம் ஒரு மணிக்கு அவரே கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டதே கிடையாது.

“என்னாச்சு?” என்றாள் பதறி.

“ஒண்ணுமில்ல. இறால எப்படிப் புள்ள கழுவணும்?”

“ஸ்பீக்கர்ல போட்டுட்டு கைய ஃப்ரீயா வச்சுக்கோங்க” என்றாள். தலையைக் கிள்ளுங்க, ஓட்டை உரிங்க, முதுகுல கறுப்பா ஒரு நரம்பு இருக்கும் பாருங்க, அதை உருவுங்க. ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் உருவிய நரம்பு பாதியில் அறுந்தது. மறுபடி சொன்னாள். குழந்தை அழுதது, அவள் போனை வைக்கவில்லை, யாரையோ தூக்கச் சொன்னாள்.

“உப்பு போட்டுப் பிசறி வைங்க. உப்பு எங்க இருக்குன்னு தெரியுமா?”

அவர் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு வருடமாக அங்கே தண்ணீர் குடிக்க மட்டுமே நுழைந்திருந்தார்.

“தெரியல புஷ்பம்.”

“அடுப்புக்கு இடது பக்கம், ரெண்டாவது தட்டு. பச்சை மூடி.”

இருந்தது. மூடியைத் திறந்தார். கடல் காற்றில் ஈரம் ஏறி உப்பு கட்டியாகிக் கிடந்தது. கரண்டிக் காம்பால் குத்தினார், உடைய மறுத்தது. அவள் மறுமுனையில் காத்துக்கொண்டிருந்தாள்.