கயிற்றுக்கு உள்ளே

கடலோரப் பறவைகள் சரணாலயத்தில் அவளுக்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்க வருகிறவர்களை அழைத்துப்போகும் தன்னார்வலர்களுக்கு அவள்தான் தலைவி. பளிச்சென்ற நிறத்தில் உடுத்தி வந்தால் திட்டு, சத்தமாகப் பேசினால் திட்டு. பறவைக்கு பிஸ்கட் போட்டவருக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

அந்த வருடம் திட்டு கொஞ்சம் கூடுதல். மணலில் முட்டையிடும் உப்புக்கொத்திப் பறவைகளின் கூடுகளையெல்லாம் ஒரு பெரிய அலை வந்து வழித்துக்கொண்டு போய்விட்டது. ஒன்றே ஒன்றுதான் தப்பியது. கூடு என்று பேருக்குத்தான். மணலில் ஒரு சின்னக் குழி, அதில் மணல் நிறத்திலேயே மூன்று முட்டைகள். அவளே குச்சி நட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, தாண்டக் கூடாது என்று பலகையும் வைத்தாள். போன வாரம் ஒரு பல் டாக்டர் படமெடுக்கும் ஆசையில் கயிற்றைத் தாண்டியபோது, அவருடைய மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னாலேயே அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். மனிதருக்கு முகம் செத்துப்போனது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு நாத்தனார் வந்திருந்தாள். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. அண்ணி காக்கா பார்க்கப் போயிருக்கிறாள் என்பது வீட்டில் நாத்தனார் வழக்கமாக அடிக்கும் ஜோக். அதற்கு ஹெட்மாஸ்டரின் கணவனும் விழுந்து விழுந்து சிரிப்பான். தன் தங்கைக்கு வாய்தான் நீளம், மனதில் ஒன்றும் கிடையாது என்று சொல்லியே அவன் காலத்தை ஓட்டிவிட்டான். இன்றைக்கு அந்த வாயை அடைத்துவிட வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் முடிவு கட்டியிருந்தாள்.

சிவப்புச் சுடிதாரில் வந்தவளுக்கு, தான் போட்டிருந்தது போலவே மண் நிறத்தில் ஒரு மேல்சட்டையும் தொப்பியும் மாட்டிவிட்டுக் கூட்டிப்போனாள். கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. பறவைகள் எல்லாம் அந்தக் கோடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. டெலஸ்கோப்பில் காட்டி, இது அலகு வளைந்தது, அது கால் பச்சை என்று விளக்கினாள். நாத்தனார் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிறைய நேரம் பார்த்தாள்.

"எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு அண்ணி. ஆனா நல்லாருக்கு."

அந்த 'ஆனா நல்லாருக்கு'தான் சுருக்கென்று தைத்தது. கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். உடனே கயிறு கட்டிய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பறவை முட்டைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. எத்தனை தடவை கை காட்டியும் நாத்தனாரின் கண்ணுக்கு அது மணலாகவே தெரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கொட்டாவி விட்டாள்.

ஹெட்மாஸ்டர் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். ஒரு நிமிஷம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பறவை எழுந்து ஓடியது. சற்றுத் தள்ளிப் போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இறக்கையைத் தொங்கவிட்டு, மணலில் இழுத்துக்கொண்டே கத்தியது.

"ஐயோ, றெக்கை ஒடிஞ்சிருச்சு அண்ணி!"

"ஒடியல. நடிக்குது. நரியோ நாயோ வந்தா, அடிபட்ட மாதிரி நடிச்சு முட்டைகிட்டேருந்து தள்ளி இழுத்துட்டுப் போயிரும்."

நாத்தனார் வாயைப் பிளந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, தான் சொன்ன எதற்கும் அந்த வாய் இப்படித் திறந்து ஹெட்மாஸ்டர் பார்த்ததில்லை. இன்னும் நாலு எட்டு வைத்தாள். பறவை இன்னும் தள்ளிப் போய் மறுபடியும் விழுந்து புரண்டது. இன்னும் நாலு எட்டு. வித்தைக்காரி மாதிரித் திரும்பித் திரும்பி நாத்தனாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். வேலிக்கம்பியில் காக்கைகள் உட்கார்ந்திருந்ததைக் கயிற்றுக்குள் வரும்போதே பார்த்திருந்தாள். ஆள் நடமாட்டத்தை வைத்தே அவை கூட்டைக் கண்டுபிடிக்கும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவளும் அவள்தான்.

"அப்ப நாம போனாத்தான் அது நடிப்ப விடுமா?" என்று கயிற்றுக்கு வெளியிலிருந்து நாத்தனார் கேட்டாள்.

"ஆமா."

"அப்ப போயிரலாமே அண்ணி. பாவம், எவ்ளோ நேரந்தான் நடிக்கும்?"

ஹெட்மாஸ்டர் திரும்பியபோது குழியில் இரண்டு காக்கைகள் இருந்தன. கையை வீசிக்கொண்டு ஓடினாள். ஒன்று முட்டையைக் கவ்விக்கொண்டு பறந்தது, இன்னொன்று மெதுவாக எழும்பிப் போனது. குழியில் ஓட்டுத் துண்டுகள்தான் கிடந்தன. மணலில் மஞ்சள் கரு ஊறிக்கொண்டிருந்தது. அவள் தட்டுத்தடுமாறிக் கயிற்றுக்கு வெளியே வந்தாள். பறவை இரண்டு இறக்கையையும் ஒழுங்காக மடக்கிக்கொண்டு ஓடிவந்து, வெறும் குழியில் வயிற்றை வைத்து உட்கார்ந்தது.

காவல் கோபுரத்திலிருந்து, தன்னார்வலர்களில் ஒருவரான பஸ் டிரைவர் மூச்சு வாங்க வந்தார். ரிடையர் ஆனபிறகு இங்கேயே பழியாகக் கிடக்கிற மனிதர். அந்தக் கூட்டை முதலில் பார்த்ததும் அவர்தான். பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பைனாகுலரை வைத்துக் குழியைப் பார்த்த டிரைவர், அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே போனது யார் என்று கேட்டார். மேலேயிருந்து பார்த்ததில் ஒரே மாதிரிச் சட்டை, ஆள் அடையாளம் தெரியவில்லை என்றார்.

ஹெட்மாஸ்டர் குழியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான்தாங்க," என்றாள் நாத்தனார். "அண்ணி கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. நான்தான் கேக்கல."

யாரும் நாத்தனாரைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஹெட்மாஸ்டரின் முகத்தையே பார்த்தார்கள். திட்டுக்குக் காத்திருந்தார்கள். நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது தொண்டை வரைக்கும் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே ஆட்கள் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"விடுங்க," என்றாள். "புதுசு. தெரியாம பண்ணிட்டா."

டிரைவர் ஆச்சரியமாக நிமிர்ந்தார். "உங்க அண்ணிக்கு நீங்கன்னா உசுரு போலம்மா. வேற யாராச்சும்னா இந்நேரம் கிழிச்சுத் தொங்கவிட்டிருப்பாங்க."

ஹெட்மாஸ்டருக்குக் காலடியில் மண் பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது. வாழ்நாளில் இவ்வளவு கேவலமாக அவள் தன்னை உணர்ந்ததில்லை. இப்போதாவது நாத்தனார் ஒரு நக்கல் பார்வை பார்த்தால் தேவலை என்று அவளைப் பார்த்தாள்.

நாத்தனார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"இனிமே இப்படிப் பண்ண மாட்டேன் அண்ணி. மன்னிச்சிருங்க."

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி," என்றாள் ஹெட்மாஸ்டர்.