கொழும்பில் ஓசி ஆபரேஷன்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, 1955-ல் ஓய்வு பெற்றார் விஸ்வேஸ்வரன். ஓய்வு பெற்ற மறு வாரமே அவருக்கு இந்தியா பிடிக்காமல் போய்விட்டது. அதுவரை பிடித்திருந்ததா என்றால், யோசித்துப் பார்க்க நேரம் இருந்ததில்லை.

காரணம் குடலிறக்கம். எறணாகுளத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முந்நூறு ரூபாய் ஆகும் என்றார்கள். மூன்று மாதப் பென்ஷனை வயிற்றைக் கிழிப்பதற்குக் கொடுப்பதா என்று கொதித்துப்போய்ப் போட் ஏறித் திரும்பி வந்தவர், கொழும்பிலிருந்து மகள் ஸ்வர்ணலதா போட்ட பழைய கடிதம் ஒன்றைத் தேடி எடுத்தார். அவள் புருஷன் ராமபத்ரன் அங்கே ஒரு ஜவுளிக்கடையில் கணக்கர். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பித்தப்பையில் கல் என்றும், சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, பத்து நாள் ரொட்டியும் பாலும் கொடுத்து, ஒரு சல்லி வாங்காமல் அனுப்பிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தாள்.

"கமலாக்ஷி, நாம கொழும்புல போய் செட்டிலாயிடலாம்" என்றார் மனைவியிடம்.

"ஏண்ணா, இங்கே சர்க்கார் ஆஸ்பத்திரியிலயும் காசு வாங்கலையே. நடந்து போற தூரம்தானே?"

"அது தர்மாஸ்பத்திரி. படகு ஜெட்டியில மூட்டை தூக்கறவனெல்லாம் கெடப்பான். அங்கே ஓசிங்கறது கவர்மென்ட் கொள்கையாக்கும். மனசிலாச்சோ?"

கமலாக்ஷிக்கு மனசிலாகவில்லை. முப்பத்து நாலு வருஷத் தாம்பத்தியத்தில் அதற்காக எதுவும் நின்றதுமில்லை.

மதராஸிலிருந்த விசா ஆபீஸிலிருந்து இரண்டு பாரங்கள் வந்தன. தன் பாரத்தில் விஸ்வேஸ்வரன் நிரந்தரமாகக் குடியேற அனுமதி கேட்டார். கூடவே வெள்ளைக்கார மானேஜர்கள் கொடுத்த நற்சான்றுகள், மிளகைப் பற்றித் தாம் எழுதிய ஒரு குறிப்பு, இலங்கை நாட்டுக்குத் தம்மால் விளையக்கூடிய நன்மைகள் என்று பதினான்கு பக்கம் சேர்த்தார். அதற்குள் கை வலித்துவிட்டது. மனைவியின் பாரத்தில், 'மகளின் பிரசவத்துக்குத் துணை' என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்து வாங்கினார். ஸ்வர்ணலதாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

பாக்கி இருந்தது டாக்டர் சர்டிபிகேட் ஒன்றுதான். தொற்று நோயோ, சிகிச்சை வேண்டிய உபாதையோ இல்லை என்று எழுதித் தரவேண்டும். டாக்டர் வெங்கிடேஸ்வரன் கமலாக்ஷிக்கு இரண்டு நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தார். விஸ்வேஸ்வரனைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.

"ஓய், ஒமக்குக் குடலிறக்கம் இருக்கே. இல்லைன்னு எப்படி எழுதறது?"

"அதைச் சரியாக்கிக்கத்தானே ஓய் அங்கே போறேன்!"

"அது தெரிஞ்சுதான் அவா சர்டிபிகேட் கேக்கறா."

மூன்று நாள் யோசித்தார். முந்நூறு ரூபாய் கொடுத்து ஆபரேஷன் செய்துகொண்டு, இலவச ஆபரேஷனுக்காகக் கடல் கடப்பது அவருக்கே கொஞ்சம் இடித்தது. நாலாம் நாள், வெயிலே இல்லாத காலையில், முகம் மறையக் குடை பிடித்துக்கொண்டு மட்டாஞ்சேரி சர்க்கார் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. அதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்துக் கட்டிலில் இசக்கிமுத்து என்ற மூட்டைத் தொழிலாளி, கால் முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்.

"சாமி கொழும்புக்கா போறீய? நான் அங்கனதான் பொறந்தேன். ரத்தினபுரிப் பக்கம் ரப்பர்த் தோட்டம். எங்கப்பனும் அங்கனதான். அதுக்குக் கடுதாசி எங்கன்னு அந்த ஊரு சர்க்காருல கேட்டாவ. பொறக்கையில கையில கடுதாசியோடயா பொறப்பாவ? அனுப்பிட்டாவ."

விஸ்வேஸ்வரன் ஒருகணம் கலங்கிப்போனார். பிறகு கேட்டார்: "அப்ளிகேஷன் இங்கிலீஷ்ல போட்டியோ?"

"எனக்குத் தமிழே எழுத வராது சாமி."

"அதான் பார்த்தேன்" என்றார். மனசு லேசாகி, அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினார்.

தையல் பிரித்ததும் சர்டிபிகேட் கிடைத்தது. எல்லாவற்றையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். கம்பெனி வாசலில் நின்று, பழைய சகாக்களிடம் கொழும்பின் காற்றையும் ரோடுகளையும் பற்றி, ஏதோ போய்விட்டு வந்தவர்போலப் பேசினார். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. அவருடைய பதினான்கு பக்கத்துக்கு இரண்டே வரி. உத்தியோகத்தில் இல்லாதவர்களுக்குக் குடியேற அனுமதி இல்லை. கமலாக்ஷிக்கு மூன்று மாத விசா.

நாலு தடவை படித்தார். "சர்வீஸில இல்லாதவாளுக்கு இல்லையாம். ஒனக்கு மட்டும் எப்படி வந்தது?"

"நான் சர்வீஸிலதானே இருக்கேன்" என்றாள் கமலாக்ஷி. அவள் கேலியாகச் சொன்னதாகத் தெரியவில்லை. அப்போது அவள் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள்.

கப்பலேறுவதற்காக, ராமேஸ்வரம் போகிற ஒரு குடும்பத்தோடு அவளை ரயிலேற்றிவிட எறணாகுளம் போனார். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் டிரங்குப் பெட்டியைப் போர்ட்டர் தூக்கினான். விஸ்வேஸ்வரன் குடையைத் தூக்கிக்கொண்டார். ஜன்னலோரம் உட்கார்ந்த கமலாக்ஷி, கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்த்திராத விதமாய் வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தாள். வண்டி நகர்ந்தபோதுதான் திரும்பி, "அரிசி டின்னை மூடி வையுங்கோ" என்றாள்.

"நான்தான் அவளை முன்னாடி அனுப்பியிருக்கேன்" என்று ஊரில் சொல்லிவைத்தார். பேத்தி பிறந்தாள். மூன்று மாத விசாவை ராமபத்ரன் எப்படியோ ஆறு மாதமாக்கினான். ஹோட்டல் சாப்பாடு அலுத்துப்போய், தானே சமைக்க உட்கார்ந்த விஸ்வேஸ்வரன், இரண்டு பேருக்கு ரசம் வைக்கப் புளி எவ்வளவு, ஒருத்தருக்கானால் அதில் பாதியா என்று மனைவிக்கு விவரமாக ஒரு கடிதம் எழுதினார்.

பதினோரு நாள் கழித்து ஸ்வர்ணலதாவின் கையெழுத்தில் பதில் வந்தது. அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு காலிமுகத் திடல் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போயிருப்பதாகவும், வந்ததும் கேட்டு எழுதுவதாகவும் போட்டிருந்தாள்.