அஸுகியின் இடது பல்

மனித குலத்தின் மூன்றாவது பல்வரிசை குராமோச்சி ஆய்வுக்கூடத்தில்தான் முளைக்கும் என்று வரலாறு முடிவு செய்துவிட்டது. வரலாற்றின் சார்பில் இதை அறிவித்தவர் பேராசிரியர் குராமோச்சியேதான். இதுவரை அங்கே முளைத்திருந்தது ஒரு நாயின் பல்லுக்குள் மெல்லிய ஓடு ஒன்று.

அதுவும் தப்பான பல்லில்.

உதவிப் பேராசிரியை மினேகிஷி சிஹோவுக்கு இது தெரியும். மார்ச்சோடு அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது. நாய்ப்பல் கட்டுரை வெளிவந்தால் நீட்டிப்பார்கள். கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. நாளைக்கு யாராவது அதை நம்பி மனித வாயில் செய்து பார்த்து, ஒன்றும் முளைக்காமல் போனால், முதலில் மாட்டப்போகிற பெயரும் அதுதான்.

பல்லின் நடுவே மெத்தென்று இருக்கும் சதையிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து, 'பல்லாகு' என்று கட்டளையிடும் மரபணுவை ஒரு சாதுவான வைரஸின் முதுகில் ஏற்றி அவற்றுக்குள் அனுப்புவது சிஹோவின் வேலை. மரபணு ஏறிய செல்கள் அஸுகி என்ற பீகிள் நாயின் வலது கோரைப்பல்லுக்கு. ஏறாத வெறும் செல்கள், ஒப்பிட்டுப் பார்க்க, இடதுக்கு.

தொலைக்காட்சிக்காரர்கள் வந்த அன்று செல்களைத் தாமே வைப்பதாகப் பேராசிரியர் சொன்னார். மல்லாந்து கிடக்கும் நாயின் தலைமாட்டில் உட்கார்ந்து செய்வதுதான் வழக்கம். முகம் சரியாக விழவில்லை என்றார் கேமராக்காரர். பேராசிரியர் எழுந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். எதிரே நின்றால் நாயின் வலது நமக்கு இடது. பல் மருத்துவத்தில் முதலாண்டிலேயே இதைச் சொல்லித் தந்துவிடுவார்கள். பேராசிரியர் முதலாண்டைத் தாண்டி நெடுங்காலம் ஆகியிருந்தது.

அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். கேமராவுக்கு முன்னால் ஆசானை, ஒரு சென்செயைத் திருத்துவது எப்படி? இளம் ஆய்வாளன் உசூய் தன் செருப்பைப் பார்த்தான். சிஹோவும் உசூயின் செருப்பையே பார்த்தாள். பிறகு தேநீர் வந்தது. பாராட்டுக்கு நடுவே அந்தப் பேச்சை எடுக்க முடியவில்லை. மறுநாள் சோதனை செய்தித்தாளிலும் வந்துவிட்டது. அதற்குமேல் எடுப்பதற்கு ஒன்றுமில்லை.

சோதனை தோற்றிருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. ஆனால் பற்களைப் பிடுங்கிச் சீவிப் பார்த்தபோது வலது பல்லுக்குள் பல்திசு அழகாக வளர்ந்திருந்தது. மரபணு உண்மையில் போய்ச் சேர்ந்த இடதில் ஒன்றுமே இல்லை.

கட்டுரையை அனுப்பச் சொல்லிப் பேராசிரியர் அவசரப்படுத்தினார். சிஹோ உசூயைப் பிடித்தாள்.

"நீங்கதான் சொல்லணும் மினேகிஷி சான். நீங்கதானே சீனியர்?"

"வேலை போகப்போறவளுக்கு சீனியர் பட்டம் ஒரு கேடா? நீ சொல்லு. உனக்கு நிரந்தர வேலை."

"அதனாலதான் சொல்லமாட்டேன்."

இலையுதிர் காலத்தில், ஆய்வுக்கு உயிர் கொடுத்த விலங்குகளுக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் நினைவுக்கல்லுக்கு முன் வெள்ளைச் சாமந்தி, ஊதுபத்தி, எலிகளுக்குப் பிடித்த தீவனத்தில் ஒரு தட்டு. அந்த வருட அஞ்சலி உரை குராமோச்சியுடையது. அவர் நடைபாதையில் நின்று கறுப்பு டையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது சிஹோ போய் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்துத் தலை குனிந்தவள் நிமிரவில்லை.

"எல்லாரும் பாத்தீங்களா?"

"பாத்தோம் சென்செய்."

"அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"நீங்க ரொம்ப நல்லா செஞ்சிட்டிருந்தீங்க."

அந்தப் பதிலில் அவருக்குக் குறையேதும் தெரியவில்லை. தலையாட்டினார்.

"அப்போ மரபணு போடாத செல்தான் பல்லாச்சு."

"ஆமா சென்செய்."

"போட்டது ஆகலை."

"ஆகலை."

டையின் முடிச்சை ஒருமுறை இறுக்கினார். "இது தோல்வி இல்லை மினேகிஷி சான். மரபணுவை எப்போ போடக்கூடாதுன்னு உலகத்துலயே முதல்ல கண்டுபிடிச்சது நாமதான்."

உரை உருக்கமாக இருந்தது. எலிகளுக்கு நன்றி சொன்னார். அறிவியலுக்காக உயிரையே தந்த அஸுகிக்குத் தனியாகக் குரல் தழுதழுத்தது. அஸுகி அந்நேரம், அதைத் தத்தெடுத்திருந்த உசூயின் வீட்டு சோபாவை மென்றுகொண்டிருந்தது. உசூய் வழக்கம்போல் செருப்பைப் பார்த்தான். பிறகு பேராசிரியர் தாளை மடித்துவிட்டு, சோதனை நாளன்று அஸுகி கொஞ்சம் திரும்பிப் படுத்துவிட்டதால் வலதும் இடதும் மாறிப்போனதாகவும், அந்தத் தியாகப் பிராணியின் பிழையிலிருந்து 'மரபணு இல்லா மரபணு மாற்றம்' என்றொரு புதிய துறையே பிறந்திருப்பதாகவும் அறிவித்தார். துறைக்கு மினேகிஷி சிஹோ பொறுப்பு. மார்ச்சுக்குப் பிறகும் அவரே தொடர்வார் என்றார். கல்லூரித் தலைவர் ஆழ்ந்து தலையசைத்தார்.

வேலை போய்விடும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்த சிஹோவுக்கு, நாயின் மேல் பழி விழுந்தது காதில் ஏறவே இல்லை. 'தொடர்வார்' மட்டும் ஏறியது.

அஞ்சலிக் கூட்டத்தில் யாரும் கை தட்டுவதில்லை. சிஹோ தட்டினாள்.