மூன்றாம் மாடி ஜன்னலுக்குச் சாய்ந்த சுடர்

ஆற்றோரப் பழைய விடுதியின் சாப்பாட்டு மேசைகளில் எண்ணெய் விளக்கை யார் ஏற்றுகிறாரோ, அவர் மனதில் முதலிடத்தில் இருக்கும் ஆள் எந்தப் பக்கம் இருக்கிறாரோ அந்தப் பக்கம் சுடர் சாயும். குதிரை வண்டிப் பயணிகள் தங்கிப்போக இருநூறு வருடங்களுக்கு முன் கட்டிய கட்டடம் அது. தடித்த சுவர்கள், நடுவில் குழிந்த படிகள், விருந்துக்கு அழைக்கப்பட்டவரே மேசை விளக்கை ஏற்ற வேண்டும் என்ற வழக்கம், எல்லாம் அப்படியே இருந்தன. மனைவியை இழந்தவர்களின் சுடர் நேராக மேலே நிற்கும். ஒரு வழக்கறிஞரின் சுடர் அவர் பக்கமே திரும்பி மீசையைக் கருக்கியதும் உண்டு. ஊரார் இதை மழை வெயில் போல எடுத்துக்கொண்டார்கள். புது மாப்பிள்ளைகள் மட்டும் வேறு இடத்தில் சாப்பிட்டார்கள்.

நில அளவை அலுவலகத்தின் தலைமை அளவையர் தன் பன்னிரண்டாவது திருமண நாளன்று கணவரை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவருக்குக் கடையைத் தவிர ஊர் நடப்பு எதுவும் தெரியாது. சுடர் தன் பக்கம் சாய்வதை நாலு பேர் பார்க்கட்டும் என்று நடு மேசையாகப் பார்த்து உட்கார்ந்தாள். அவர் விளக்கை ஏற்றினார். சுடர் அவளுடைய இடது காதைத் தாண்டி, மூடியிருந்த ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்தது.

“என்னங்க, காத்தடிக்குதா?”

“இல்லையே. சூப் ஆறுது, சாப்பிடு.”

வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் கைப்பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து மடியில் வைத்து, கோணத்தைக் கைக்குட்டை ஓரத்தில் குறித்துக்கொண்டாள். ஒரே கோட்டை வைத்து இடம் சொல்வது கத்துக்குட்டி வேலை என்பது அவளுக்குத் தெரியும். அடுத்த மாதம் மாடி மேசையிலும் அதற்கடுத்த மாதம் தோட்டத்து மேசையிலும் சாப்பிட ஏற்பாடு செய்தாள். பெண்டாட்டிக்குத் திடீரென்று தன்மேல் இவ்வளவு ஆசை வந்துவிட்டதே என்று அவர் புதுச்சட்டை தைத்துக்கொண்டார். அவள் சிரித்தபடியே பரிமாறினாள், கைக்குட்டையில் அடுத்த கோணத்தைக் குறித்தாள்.

மூன்று கோடுகளும் ஊர் வரைபடத்தில் மயிரிழை பிசகாமல் ஒரே புள்ளியில் வெட்டின. அது அவளுடைய அலுவலகம்தான். மூன்றாம் மாடி, தெருப்பக்கத்து ஜன்னல். அந்த மேசையில் இப்போது உட்கார்ந்திருந்தவள் போன வருடம் சேர்ந்த வரைபடக்காரி. கன்னத்தில் குழி விழும், சிரிப்புக்குக் காரணமே வேண்டாம். மறுநாளே அவளைத் தரைத்தளத்துக்கு மாற்றி, கரையான் அரித்த கோப்புகளைப் படியெடுக்கச் சொன்னாள். “நான் என்னக்கா தப்பு பண்ணேன்?” என்று அந்தப் பெண் கேட்டபோது இன்னொரு கோப்புக் கட்டை நீட்டினாள். அடுத்த விருந்திலும் சுடர் இம்மியும் நகரவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம், “நீங்க போய் விளக்கை ஏத்திட்டு இருங்க, வந்துடறேன்” என்று கணவரை அனுப்பிவிட்டு, பூட்டிய அலுவலகத்துக்குப் போனாள். காவலாளி கதவைத் திறந்தார்.

“மேல யாராவது இருக்காங்களா?”

“அந்தச் சின்னப் பொண்ணு இருக்கும்மா. பன்னெண்டு வருஷமா பொழுது சாய வரும், கொஞ்ச நேரம் வேலை பாத்துட்டுப் போயிடும். யாருக்கும் தொந்தரவில்ல.”

மூன்றாம் மாடி ஜன்னலோரத்தில் ஒரு பெண் வயல் எல்லை ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். ஒற்றைச் சடை, காதில் பென்சில், சுண்டுவிரலில் மை. இடது கையைவிட வலது கை நீளமாகத் தைத்த அந்த நீலச் சட்டையை அளவையருக்கு நன்றாகத் தெரியும். இருபத்து நான்கு வயதில் அவளே தைத்துக் கெடுத்தது. அந்த வருடம் முழுக்கக் கண்ணாடிக் கடைக்காரர் எதிர் நடைபாதையில் நின்று, இந்த ஜன்னலோரம் வரைந்துகொண்டிருந்த தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது.

“வெக்கமா இல்லையாடி உனக்கு? அடுத்தவ புருஷன் மனசுல வந்து உக்காந்துட்டு.”

சின்னவள் பென்சிலைக் கீழே வைத்தாள். “நீங்க பேசுவீங்க. எனக்கு அவர் தெருவுல நின்னு பாத்ததோட சரி. ஒரு வார்த்தை பேசினதில்ல. நீங்க தினம் அவர்கூடச் சாப்பிடுறீங்க, சண்டை போடுறீங்க, குறட்டை கேக்குறீங்க. யாருக்கு வயிறு எரியணும், சொல்லுங்க.”

தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படக்கூடும் என்று அளவையர் அதுவரை நினைத்ததில்லை. அந்தக் கோணல் சட்டையின் நீளக் கையை மடித்துவிட்டாள். “கட்டினவளும் நானே, சக்களத்தியும் நானே. இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்றது? சரி, எந்திரி. அவர் பசி தாங்கமாட்டார்.”

இருவரும் ஒன்றாக விடுதிக்குள் நுழைந்ததைப் பார்த்து அவர் எழுந்து நின்றார். இன்னொரு நாற்காலி கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. வரைபடக்காரி மறுநாள் பழைய மேசைக்கே திரும்பினாள். அதன்பின் முதல் சனிக்கிழமைகளில் விடுதியில் மூன்று பேருக்கு மேசை போட்டார்கள். சின்னவளுக்கு வயது ஏறவில்லை, மற்ற இருவருக்கும் நரைத்தது. பரிமாறுபவர் ஒவ்வொரு முறையும் மீன் தட்டை ஏந்திக்கொண்டு, யாருக்கு முதலில் வைப்பது என்று தயங்குவார்.

“அவளுக்கே வைங்க, சின்னவ,” என்பாள் அளவையர். “பெரிய துண்டு மட்டும் எனக்கு.”