ஒகேயோவுக்கு வீடு கிடையாது

ஒகேயோ செய்த தப்பைக் கென்யாவில் ஒரு லுவோ இனத்துக்காரன்தான் செய்வான். மஸ்கட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் மூன்று வருஷம் இருந்தான். மனைவி லிலியனும் கூடவே போய் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். சொந்த நாட்டு வரி அலுவலகத்தின் படிவத்தை ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் போனிலேயே நிரப்பினான். அதில் ஒரு கேள்வி: கென்யாவில் உங்களுக்கு நிரந்தர வீடு உண்டா? படித்ததும் ஒகேயோவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீடில்லாமல் திரிய நான் என்ன நாடோடியா? 'உண்டு' என்று தட்டினான். அதோடு விட்டானா? 'அசெம்போவில், என் அப்பாவின் வளாகத்துக்குள்' என்று விலாசம் வேறு எழுதி வைத்தான். பிறகு கை கழுவப் போய்விட்டான்.

அந்த ஒரு தட்டு இப்போது அவன் கழுத்தைப் பிடித்திருந்தது. மொம்பாசா துறைமுகத்தில் கிரேன் பிரிவுக்கே தலைமை வேலை கிடைத்து ஊர் திரும்பியிருந்தான். வெள்ளிக்கிழமை மாலைக்குள் வரிச் சான்றிதழைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்கு. இன்றைக்குச் செவ்வாய். சொந்த ஊருக்குப் பக்கத்து நகரமான கிசுமுவின் வரி அலுவலகத்தில் அவனுக்கு வாய்த்த அதிகாரி முத்தேயு, மச்சாகோஸ் பக்கத்துக் கம்பா இனத்துப் பெண். மாற்றலாகி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

மூன்று வருஷமும் அவன் இந்த நாட்டில் வசிப்பவன்தான், மஸ்கட் சம்பளத்துக்கும் இங்கே வரி உண்டு, அதைக் கட்டாமல் சான்றிதழ் வராது என்றாள் முத்தேயு. வருஷத்துக்கு மூன்று வாரம், டிசம்பரில் மட்டும்தான் வந்தேன் என்று ஒகேயோ பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டினான். அவள் பொறுமையாகவே விளக்கினாள். வீடு இல்லாதவருக்குத்தான் நாள் கணக்கு; அப்படிப் பார்த்தால் மூன்று வாரம் ஒன்றுமே இல்லை. நிரந்தர வீடு இருக்கிறவர் ஒரே ஒரு நாள் வந்து போனாலும் போதும், அந்த வருஷம் முழுக்க இங்கத்து ஆள்தான்.

"வீடு இருக்குன்னு நான் சொல்லல சார். நீங்க சொல்லியிருக்கீங்க."

"அப்ப இல்லன்னு மாத்திக்கிறேன் மேடம்."

"இருந்த வீடு எங்க போச்சு?"

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஏதாவது ஆதாரம் கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்றாள். மூன்று வருஷ வரியை மூன்று நாளில் புரட்டுவது நடக்கிற காரியமா? மட்டாட்டு வண்டி பிடித்து அசெம்போ வந்து சேர்ந்தான்.

வளாகத்துக்குள் நுழைந்து, இடப்பக்கத்தில் இருந்த தன் ஒற்றை அறைக் குடிசையின் கதவைத் தள்ளினான். மண்சுவரில் கரையான் ஏறியிருந்தது. மாமரத்தடியில் கரும்பு கடித்துக்கொண்டிருந்த அண்ணன் தோபியாஸ் சும்மா இருப்பானா? சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் மைக் பிடிக்கிறவன் அவன்தான், வாய் அப்படி. பிணத்தைத் தவிர பாக்கி எல்லோரையும் கிண்டல் செய்துவிடுவான்.

"என்ன துரை, வாடகை வசூல் பண்ண வந்தியா? கரையான் எதாவது குடுத்துச்சா?"

"என் வீட்ட நான் பாக்குறேன்ணே."

"வீடா? டேய், அது சிம்பா. மீசை முளைச்ச பய படுத்துத் தூங்குறதுக்குப் போட்ட குடிசை. முப்பத்தெட்டு வயசாச்சு, பொண்டாட்டி வந்தாச்சு, இன்னும் தாலா போடல. ஊருல கேட்டுப் பாரு, நீ வீடில்லாத பய."

வேறு எந்த நாளாக இருந்தாலும் ஒகேயோ முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பான். அன்று, கரும்புச் சாறு வடிகிற வாயோடு அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். லுவோக்காரனுக்குக் கட்டடம் எங்கே இருந்தாலும் அது வீடாகாது. சேவலையும் கோடாலியையும் எடுத்துக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளையோடு அப்பன் வாசலைத் தாண்டிப் போய், தனக்கென்று ஒரு வாசல் வைக்க வேண்டும். அதுதான் தாலா. ஒகேயோ வீறாப்பாகப் படிவத்தில் எழுதியது அவன் அப்பாவின் தாலாவை.

"அண்ணே, இப்ப சொன்னத அப்படியே சீஃப் முன்னாடி சொல்லு."

புதன்கிழமை இரண்டு பேரும் வட்டார நிர்வாகியான சீஃபின் அலுவலகத்துக்குப் போனார்கள். அரசாங்க முத்திரை அவரிடம்தான் இருக்கிறது. சிம்பா நிரந்தர வீடு ஆகாது என்று சீஃப் சந்தோஷமாகவே எழுதினார். பிறகு பேனாவை நிறுத்திவிட்டு யோசித்தார். மஸ்கட்டில் சம்பாதிக்கிறவன் இதுவரை தாலா போடாமல் ஏன் இருந்தான் என்று வரி அலுவலகத்து அம்மா கேட்பாளே? காரணம் ஊருக்கே தெரியும். மூத்தவன் போகாமல் இளையவன் அப்பன் வாசலைத் தாண்டக்கூடாது. மூத்தவனோ இருபது வருஷமாக, அடுத்த அறுவடை முடியட்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

"அதயும் எழுதணும் தோபியாஸ்," என்றார் சீஃப். "நீ கையெழுத்துப் போடணும்."

ஊரில் ஒருத்தன் பாக்கியில்லாமல் கிண்டல் செய்தவனுக்கு அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. 'வயது நாற்பத்தாறு, இன்னும் தந்தையின் வளாகத்திலேயே' என்று முத்திரையோடு எழுதினால் யாருக்குத்தான் பொறுக்கும்? தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். ஒகேயோவுக்கு அவமானமாக இருந்தது. அண்ணன் எத்தனை சாவுவீட்டில் எத்தனை பேர் நடுவில் அவனைக் கேலி செய்திருக்கிறான்! ஒருநாளும் அவன், உன்னால்தானே அண்ணே என்று திருப்பிக் கேட்டதில்லை. இப்போது வரி அலுவலகத்துக்காகக் கேட்கும்படி ஆகிவிட்டது.

வியாழக்கிழமை முழுக்க தோபியாஸ் கண்ணில் படவில்லை. சாப்பிடவும் வரவில்லை என்றாள் அண்ணி அவினோ. வெள்ளிக்கிழமை, காரணத்தை எழுதாமல் அண்ணன் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு சீஃப் கொடுத்த கடிதத்தோடு ஒகேயோ தனியாகக் கிசுமுவுக்குப் புறப்பட்டான்.

முத்தேயு கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். அவளுக்குப் பின்னால் சுவர்க்கடிகாரத்தில் மணி பதினொன்றே கால்.

"மூணு வருஷம் மஸ்கட்ல சம்பாதிச்சிருக்கீங்க. ஊருல ஒரு வீடு போடலன்னா நம்புற மாதிரியா இருக்கு? ஏன் போடல? இங்க கையெழுத்தும் இல்ல."

ஒரு வரி சொன்னால் போதும். ஒகேயோ வாயைத் திறந்தான். வரிசையில் முப்பது பேர், பாதிப் பேர் அசெம்போ பக்கத்து ஆட்கள், அண்ணனைத் தெரியாதவர் யாரும் இருக்க மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டான். வேலை போனால் போகட்டும் என்று அவனால் நினைக்க முடியவில்லை, ஆனாலும் வாய் வரவில்லை.

"நான் சொல்றேன் மேடம்."

மைக்கே தேவைப்படாத அந்தக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. சாவுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டோடு தோபியாஸ் வரிசையைப் பிளந்துகொண்டு வந்தான்.

"பேரு தோபியாஸ். இவனுக்கு மூத்தவன். வயசு நாப்பத்தாறு, நாலு புள்ளைங்க. இன்னும் எங்கப்பன் வாசலுக்குள்ளதான் கெடக்கேன். நான் வெளிய போகாம இவன் போக முடியாது. அதனால இவனுக்கு வீடு கிடையாது. எழுதிக்கோங்க. கையெழுத்து எங்க போடணும்?"

கூடம் சிரித்தது. அப்படி ஒரு வழக்கம் நிஜமாகவே உண்டா என்று முத்தேயு வரிசையைப் பார்த்துக் கேட்டாள். ஆளுக்கு ஆள் உண்டு உண்டு என்றார்கள். பருத்த அம்மாள் ஒருத்தி முன்னால் வந்தாள்.

"ஏண்டா தோபியாஸ், எங்க வீட்டு சாவுல எம் பையனப் பாத்து இதத்தானே கேட்டுச் சிரிச்ச?"

"கேட்டேன் அத்தை. இன்னைக்கு வட்டியோட திருப்பிக் குடுத்துட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். முத்தேயு சிரிக்கவில்லை, பேனாவைக் கையில் எடுத்தாள்.

"அந்த சிம்பா பழுதாச்சுன்னா?"

"தாலா போட்டு இவன் வெளிய போனப்புறம் அதத் தொடக்கூடாது மேடம். தானா விழணும்."

"விழுறதுக்குன்னே கட்டின ஒண்ண நிரந்தரம்னு நான் எப்படி எழுதுறது?" என்று சொல்லிக்கொண்டே அவன் படிவத்தின் அச்சில் 'உண்டு' என்பதைக் கோடு போட்டு அடித்தாள். பாஸ்போர்ட்டை வாங்கி மூன்று டிசம்பரையும் எண்ணினாள். மேலதிகாரி அறைக்குள் போய்த் திரும்பி வந்தாள். அப்புறம் அந்த மகராசி பிரிண்டரை முடுக்கினாள்.

சூடு ஆறாத காகிதத்தைத் தோபியாஸ்தான் முதலில் பிடுங்கினான். சாவு அறிவிப்பு வாசிக்கிற தோரணையில் தம்பி பெயரிலிருந்து முத்திரை எண் வரைக்கும் உரக்க வாசித்தான். வரிசை கைதட்டியது. ஒகேயோ போனிலேயே அதைப் படம் பிடித்து மொம்பாசாவுக்கு அனுப்பினான். பன்னிரண்டு அடிப்பதற்குள், திங்கட்கிழமை வந்து சேருங்கள் என்று பதில் வந்துவிட்டது. அவனுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது, குதித்தும் விட்டான்.

திரும்பும் வழியில் தோபியாஸ் சந்தைக்குள் இழுத்துக்கொண்டு போனான். ஒரு கோடாலி வாங்கினான். பிறகு சேவல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே அதிகமாகக் கத்துகிற ஒன்றைப் பேரம் பேசி வாங்கினான்.

"இத்தன பேரு முன்னாடி சொன்னப்புறம் அந்த வாசலுக்குள்ள எனக்குத் தூக்கம் வருமா? அப்பாகிட்ட காலையிலயே சொல்லிட்டேன். நாளைக்கு விடிஞ்சதும் கிளம்புறேன். அடுத்து நீ."

ஒகேயோ கோடாலியை அண்ணன் கையிலிருந்து வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான். மட்டாட்டுவில் கண்டக்டர் சேவலை முறைத்துவிட்டு, அசெம்போவில் வீடு எந்தப் பக்கம், எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டான்.

"வீடா?" என்றான் தோபியாஸ், வண்டி முழுக்கக் கேட்கும்படி. "எனக்கு நாளையிலேர்ந்துதான் தம்பி. இவனுக்கு அதுவும் இல்ல, கையில அரசாங்கச் சான்றிதழே வச்சிருக்கான். டேய், எடுத்துக் காட்டுடா."

ஒகேயோ எடுத்துக் காட்டினான்.