படத்தில் வருகிற பெண்

இரண்டு கையிலும் மடக்கு நாற்காலிகளோடு மூத்தவள் கூடத்துக்குள் நுழைந்தபோது, வந்திருந்தவர்கள் எல்லோரும் தங்கையைச் சுற்றி நின்றார்கள். அப்பா பக்கத்து அறையில் வெள்ளைத் துணிக்கடியில் கிடந்தார். வண்டி மூன்று மணிக்கு வரும்.

"அந்தப் படத்துல வர்ற பொண்ணு இவங்கதாங்க," என்று அப்பாவோடு வேலை பார்த்த ஓவியர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். "அசல் இவங்கதான்."

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. சாவு வீட்டில் எரியக் கூடாதுதான். எரிந்தது.

அப்பா கார்ட்டூன் படங்களுக்கு ஆட்களை வரைபவர். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் வரைந்த குழந்தைகள் படமொன்றில், கறுப்பாக, காலில் இரும்புப் பட்டையும் கையில் ஊன்றுகோலுமாக ஒரு சிறுமி, செத்துப்போன குருவிக் குஞ்சைக் காட்டில் புதைக்கப் போவாள். தங்கைக்கு அதே நிறம், அதே கால். "குழந்தைங்க படத்துக்குக் கட்டை எதுக்கு சார்? பொண்ணையும் கொஞ்சம் கலராக்கிடுங்க," என்றார் தயாரிப்பாளர். அப்பா பென்சிலை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நான்கு மாதம் கழித்துத் தயாரிப்பாளர்தான் இறங்கி வந்தார். எங்கள் பிள்ளையைப் போல ஒரு பிள்ளையை இப்போதுதான் திரையில் பார்க்கிறோம் என்று அம்மாக்கள் கடிதம் எழுதினார்கள். நல்ல காரியம்தான், மூத்தவள் மறுக்கவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆனால் கூட்டில் இரண்டு குஞ்சு இருந்ததே.

நேராக நடப்பவளை யார் வரைவார்கள்? அவள் நடந்து நடந்து மருந்து வாங்கினாள். மூன்று வருஷம் அப்பாவின் படுக்கை விரிப்பைத் துவைத்தாள். நேற்று கடைசியாக ஸ்பூனில் தண்ணீர் விட்டவளும் அவள்தான். அவர் கண்ணைத் திறந்து, "சின்னவ வந்துட்டாளா?" என்றார்.

இன்னொன்றையும் அவள் மறக்கவில்லை. அவளுடைய பதினொரு வயதில், இருவரும் பாலூட்டி வளர்த்த அணில் குஞ்சு செத்தது. செருப்புப் பெட்டியில் வைத்து அவள்தான் தோட்டத்துக்குத் தூக்கிப் போனாள். தங்கை பின்னால் வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து அப்பா நோட்டில் வரைந்துகொண்டிருந்தார். அப்போதும் தங்கையைத்தான் வரைந்திருப்பார். அந்தப் படத்தைப் பார்க்கத் தியேட்டருக்குக் கூட்டிப்போனபோது மூத்தவள் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள். அப்புறம் பார்க்கவேயில்லை.

டீத் தட்டோடு அவள் திரும்பி வந்தபோது, ஒரு பெண் தன் எட்டு வயது மகளோடு வந்திருந்தாள். சிறுமியின் காலிலும் பட்டை. "நூறு தடவ பாத்திருக்கா அந்தப் படத்த," என்றாள் அம்மா.

அறைக் கதவு திறந்திருந்தது. துணிக்கு வெளியே தெரிந்த அப்பாவின் பாதத்தை மூத்தவள் பார்த்தாள். நேற்றுத்தான் நகம் வெட்டிவிட்டிருந்தாள். கண் நிறைந்தது. கையில் தட்டு. தலையைச் சாய்த்துத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

தங்கையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த சிறுமி நின்றாள். திரும்பி வந்தாள்.

"ஆன்ட்டி, நீங்கதானே அது?"

"இல்ல கண்ணு. அதோ, அவங்க."

"இல்ல. ஒரு கையில கட்டை, ஒரு கையில குருவிப் பெட்டி இருக்கும்ல? அப்ப அவ கண்ண இப்படித்தான் தொடைப்பா." சிறுமி தன் தோளை உயர்த்திக் காட்டினாள்.

தங்கை ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"அது நீதான்க்கா. அணிலப் பொதச்ச அன்னிக்கு நான் எங்க அழுதேன்? வேடிக்கை பாத்துட்டு வந்தேன்."

"உனக்குத் தெரியுமா?"

"படம் பாத்த அன்னிக்கே தெரியும்." தங்கை தரையைப் பார்த்தாள். "நீ மாடிப்படியில ஓடுவ, சைக்கிள் ஓட்டுவ. எனக்குன்னு இருந்தது அந்தப் படம் ஒண்ணுதான். சொல்லல."

மூத்தவள் தட்டைப் பார்த்தாள். "டீ ஆறுது," என்றாள்.

தங்கை ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, தட்டை வாங்க இரண்டு கையையும் நீட்டினாள். "குடுக்கா. கண்ணத் தொடச்சுக்கோ."

மூத்தவள் தட்டைக் கொடுக்கவில்லை. இன்னொரு தோளை உயர்த்தினாள்.