சொல்லாமல் விட்ட வரி

கச்சிபௌலி ஆய்வுக்கூடத்தில் அஸ்வினி அந்தத் துணியை ஆறாவது முறையாகத் துவைத்து உலர்த்தி, கையால் கசக்கிப் பார்த்தாள். அதோடு இணைத்திருந்த விளக்கு எரியவில்லை. பாலிமர் இழையில் நுண்துகள்கள் கலந்து நெய்த துணி அது. மடங்கி விரியும்போதெல்லாம் மின்சாரம் தரும். அதில் தைத்த மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தாலே முதுகில் சிவப்பு விளக்குகள் எரியும். விடியற்காலையில் சாலை கூட்டுகிறவர்களுக்காகச் செய்தது.

"வாஷ் டெஸ்ட்டை ரிப்போர்ட்ல போடாதே," என்றார் மேலாளர் சுதர்சன். "அடுத்த வாரம் பத்துப் பேருக்குக் கொடுக்கறோம். குறையை அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

அஸ்வினிக்கு மனம் உறுத்தியது. பதவி உயர்வுப் பட்டியலில் தன் பெயர் இருப்பதும் நினைவுக்கு வந்தது. துவைத்தால் விளக்கு எரியாது என்ற வரியை அறிக்கையிலிருந்து அழித்தாள்.

மார்கழிப் பனியில் சாலை கூட்டிக்கொண்டிருந்த ஸ்டெல்லா மீது கார் மோதியது. சட்டை வாங்கிய பத்துப் பேரில் ஒருத்தி. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. முதுகு விளக்கு அணைந்திருந்தது அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

மெட்டுகுடாவில் ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போனாள் அஸ்வினி. ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் கணவர் இருதயராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"டெய்லி நான்தாம்மா தொவச்சுப் போடுவேன். தூசி படிஞ்சா லைட்டு மங்கிடும்னு பயம். அவ நக்கோ நக்கோன்னுவா, வேணாம் விடுன்னுவா, கேக்க மாட்டேன். நான் தொவச்சதுலதான் கெட்டுப்போச்சாம்மா?"

அஸ்வினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தப்பு உங்களுது இல்லண்ணா. தொவச்சா எரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே மறைச்சேன்."

இருதயராஜ் அவளைத் திட்டவில்லை. திட்டினாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"மீதி ஒம்போது பேரு நாளைக்கும் அதைத்தானே போட்டுட்டுப் போவாங்க? இங்க உக்காந்து ஏம்மா அழுவுற? போய் அவங்ககிட்ட சொல்லு."

அன்று மாலைக்குள் ஒன்பது சட்டைகளையும் திரும்ப வாங்கினாள். காவல் நிலையத்தில் உண்மையை எழுதிக் கொடுத்தாள். வேலை போயிற்று.

"நாம பொய்யா சொன்னோம்? ஒரு வரியைத்தானே விட்டோம்!" என்று போனில் பதறினார் சுதர்சன்.

"அந்த ஒரு வரி தெரிஞ்சிருந்தா ஸ்டெல்லாவோட வீட்டுக்காரர் துவைச்சிருக்க மாட்டார் சார். அந்தம்மா இன்னைக்கு உயிரோட இருப்பாங்க. ஜனங்க நம்பி வாங்கற பொருளோட குறையை மறைக்கறதுக்கு சாமர்த்தியம்னு பேர் இல்ல, கொலைன்னு பேர்."